ஆறு கம்ப்யூட்டரா, ஒரே வொர்க்ஸ்டேஷனா? ஒரு பதிப்பக அலுவலகத்தில் செய்து பார்த்தது

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. மதுரையில் நான் கணினி வேலை பார்த்துக்கொடுக்கும் சிறிய பதிப்பகம் ஒன்றில் ஆறு மெஷின்கள். எல்லாமே மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இவற்றில் கிடையாது. சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழான இன்டெல் சிப்புகளை அது முறைப்படி ஏற்பதும் இல்லை. ஆக, ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

முதலாளி ஆறு புது கம்ப்யூட்டருக்கு விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ராம் விலை வேறு ஏற ஆரம்பித்திருந்தது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் போய்விட, நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு வந்து சேர்ந்தது விலையேற்றம் மட்டும்தான். "தம்பி, இதுக்கு ஒரே ஒரு பெரிய மெஷினா வாங்கி எல்லாரும் அதுலயே வேலை பார்த்தா என்ன?" என்று அவர் விளையாட்டாகக் கேட்டதைத்தான் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அளந்து பார்த்தேன். விண்டோஸிலேயே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை ஆறு மெஷினிலும் ஓடவிட்டு, வேலை நேரம் முழுக்கப் பதிவு செய்யச் சொன்னேன். தட்டச்சு செய்கிறவர்கள், மெய்ப்புப் பார்க்கிறவர்கள் மெஷின்களில் சிபியு பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. நிரம்பி வழிந்தது ராம். வேர்ட் ஒன்று, குரோமில் பத்துப் பதினைந்து டேப், வாட்ஸாப் வெப் என்று திறந்தால் 4 ஜிபி போதவில்லை. மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய்க் கொட்டி, திரும்ப எடுத்து, அதற்குள் ஆள் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கிறது, மந்தமாக ஓடுகிறது என்றால், ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ராமும் போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். கீழே உள்ளதெல்லாம் தேவையில்லாத வேலை.

எங்கள் கதையில் முடிவை மாற்றியது வேகம் இல்லை, கோப்புகள். ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயம் மூன்று மெஷினில் இருந்தது: 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'அண்ணன் பார்த்தது'. ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் பென்டிரைவில்தான் பயணம். மெய்ப்புப் பார்த்த அக்கா ஒரு பிரதியில் திருத்த, தட்டச்சு செய்யும் அண்ணன் வேறு பிரதியில் புதுப் பத்தியைச் சேர்த்திருப்பார். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுச் சேர்க்க ஒரு மதியம் போகும். புதிதாக ஆறு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தால் இதே குழப்பம் இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். பகிர்வுக் கோப்புறை ஒன்றைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போட்டிருந்தோம். நெட்வொர்க்கில் திறந்தால் மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் டெஸ்க்டாப்பில் காப்பி எடுத்துத்தான் வேலை பார்த்தார்கள்.

அதனால் ஆறு பேரையும் வேலையை வைத்துப் பிரித்தேன். இரண்டு தட்டச்சு, இரண்டு மெய்ப்பு: இந்த நால்வரும் ஒரே கோப்புகளில் புழங்குகிறவர்கள். இவர்களுக்குப் பொது மெஷின். லேஅவுட் பார்க்கும் தம்பிக்குத் தனி மெஷின்தான். பழைய புத்தகங்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கரில் கிடக்கின்றன. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-தான் அதன் கடைசிப் பதிப்பு. ஆனாலும் மறுபதிப்பு என்று வந்தால் அதைத் திறந்துதான் ஆக வேண்டும். புதுப் புத்தகங்களுக்கு இன்டிசைன். இரண்டுமே விண்டோஸ். முதலாளி அறையில் டேலியும் ஜிஎஸ்டியும். அதுவும் விண்டோஸ், அதுவும் தனி. அந்த இருவருக்கும் புதிதாக இரண்டு சாதாரண கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. அதில் எழுத ஒன்றுமில்லை.

விண்டோஸிலேயே நாலு பேரை ஒரே மெஷினில் உட்கார வைக்கலாமே என்றால், விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். இன்னொருவர் ரிமோட்டில் உள்ளே வந்தால் முதல் ஆளின் திரை பூட்டிக்கொள்ளும். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய விண்டோஸ் சர்வரும், ஆளுக்கொரு ரிமோட் டெஸ்க்டாப் உரிமமும் வாங்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கென்று மல்டிபாயின்ட் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது. சர்வர் 2019-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். யூனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வழிவந்த லினக்ஸுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் 'ஆளுக்கொரு கம்ப்யூட்டர்' என்பது நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். ஒரே மெஷினைப் பலர் டெர்மினல் (தட்டவும் விடையைக் காட்டவும் மட்டுமேயான முனை) வழியாகப் பங்குபோட்டுக்கொள்வதுதான் வழக்கம். அந்தப் பழக்கம் இன்னும் லினக்ஸின் ரத்தத்தில் ஓடுகிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை.

மெஷினைச் சென்னை ரிச்சி தெருவில் பழையதாகத்தான் எடுத்தோம்: ஹெச்பி இசட்440. பெரிய கம்பெனிகள் கழித்துவிடும் வொர்க்ஸ்டேஷன். கடைக்காரர் 14 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் சிபியு பகுதி) உள்ள ஜியான் இ5-2680 வி4 போட்ட மெஷினைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். "நாலு பேர்னா கோர் அதிகம் வேணும் சார்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வேர்டுக்குப் பதிலான இலவச மென்பொருள் லிப்ரஆபீஸில் ஒரு பெரிய ஆவணத்தைப் புரட்டும்போது ஆள் காத்திருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கோருக்காகத்தான். அதனால் ஆறு கோர் உள்ள இ5-1650 வி4-ஐக் கேட்டு வாங்கினேன். அதன் அடிப்படை வேகமே 3.6 கிகாஹெர்ட்ஸ், அந்தப் பதினான்கு கோர்க்காரருக்கு 2.4. தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் இதுதான் சரி. இதுவே வீடியோ ரெண்டர், பெரிய புரோகிராம் கம்பைல் என்றால் கடைக்காரர் சொன்னதுதான் சரி.

ராம் 64 ஜிபி, நாலு 16 ஜிபி குச்சிகள். இந்தச் சிப்புக்கு ராமோடு பேச நாலு சேனல் (பாதை) என்பதால் நாலாகப் போடுவதுதான் முறை. இது சர்வர்களில் போடும் ரெஜிஸ்டர்டு இசிசி ராம். சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது என்பதால் பழைய சந்தையில் இதற்குப் போட்டி குறைவு. டெஸ்க்டாப் ராம் விலை வானத்தில் இருக்கும்போது நாங்கள் தப்பித்தது இந்த இடத்தில்தான்.

டிஸ்க்குக்கு இரண்டு புது எஸ்எஸ்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படுகிற மிர்ரர் அமைப்பில். டிஸ்க் மட்டும் பழையது வாங்காதீர்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13, திரைத்தோற்றத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ. இனி ஆட்களை உட்கார வைக்கும் வேலை.

தட்டச்சு செய்யும் இருவரும் ஒரே நீள மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். மெஷினை அந்த மேசைக்கடியில் வைத்து, இருவருக்கும் தனித்தனி மானிட்டர், கீபோர்டு, மவுஸை நேரடியாக அதிலேயே செருகினேன். இதற்கு மல்டிசீட் என்று பெயர். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) இருக்கிற எந்த லினக்ஸிலும் இது உள்ளேயே இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: இருக்கைக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. இந்த ஜியானில் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் எப்படியும் கார்டு வாங்க வேண்டும். பழைய குவாட்ரோ கே620 இரண்டு போட்டேன். விலை குறைவு, தனி மின் இணைப்பு வேண்டாம். அதன் டிவிஐ வாயில் அனலாக் சிக்னலும் வருவதால் எங்கள் பழைய விஜிஏ மானிட்டர்களுக்குச் சின்ன மாற்றுமுனை போதுமானதாக இருந்தது. என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடவில்லை. லினக்ஸோடு வரும் நூவோ டிரைவரே இந்தக் கார்டுக்கு நன்றாக ஓடுகிறது, மல்டிசீட்டில் வம்பும் பண்ணாது.

லாகின்சிடிஎல் என்ற கட்டளையில் சீட்-ஸ்டேட்டஸ் கேட்டால் மெஷினில் செருகியிருக்கும் ஒவ்வொன்றும் மரம்போல் விரியும்: எந்தக் கார்டு, எந்த யூஎஸ்பி வாய், எந்தக் கீபோர்டு. எல்லாமே ஆரம்பத்தில் சீட் பூஜ்யத்தில் இருக்கும். அதில் இரண்டாவது கார்டின் பாதையைப் பார்த்து, அட்டாச் என்று சொல்லி சீட் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். கீபோர்டையும் மவுஸையும் தனித்தனியாக மாற்றாமல், ஆளுக்கொரு யூஎஸ்பி ஹப் கொடுத்து அந்த ஹப்பையே மாற்றிவிடுவது நல்லது. பிறகு அந்த ஹப்பில் என்ன செருகினாலும் அந்த இருக்கைக்கே போகும். நாளைக்குக் கீபோர்டு பழுதாகிப் புதிது வாங்கினால் என்னைக் கூப்பிட வேண்டாம். மாற்றியதும் இரண்டாவது மானிட்டரில் தனியாக லாகின் திரை வந்து நிற்கும். சொன்னதை அது விதியாக எழுதி வைத்துக்கொள்வதால் ரீபூட் ஆனாலும் மறக்காது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் மட்டும் பாதை மாறிவிடும், திரும்பச் சொல்ல வேண்டும்.

ஒரு சில்லறைச் சங்கடம். மெஷினின் முன்பக்கத்து யூஎஸ்பி வாய் சீட் பூஜ்யத்துக்குச் சொந்தம். இரண்டாவது இருக்கைக்காரர் அங்கே பென்டிரைவைச் செருகித் திறக்கப் பார்த்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அடுத்தவர் இருக்கைப் பொருளை நீ எப்படித் தொடலாம் என்கிற பாதுகாப்புதான். முன்பக்க வாயில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டேன். பென்டிரைவ் என்றால் அவரவர் ஹப்.

மெய்ப்புப் பார்க்கும் இருவரும் அடுத்த அறையில். அங்கே வரைக்கும் இந்த வித்தை எட்டாது; யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அவர்களுக்கு இரண்டு பழைய ஐ3 மெஷின்களையே டெர்மினலாக்கினேன். சின்ன எஸ்எஸ்டியில் டெபியன், பூட் ஆனதும் ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் நிரல் திறந்து, பொது மெஷினில் ஓடி அதற்குத் திரையை அனுப்பும் எக்ஸ்ஆர்டிபியோடு இணைந்துகொள்ளும். அந்த ஐ3-க்கு இனி வேலை என்பது திரையைக் காட்டுவது மட்டும்தான். நடுவில் கிகாபிட் சுவிட்ச், கேட்6 கேபிள். வைஃபையில் வேண்டாம் என்று கறாராகச் சொன்னேன். ஓடாமல் இல்லை, தட்டியதற்கும் எழுத்து வருவதற்கும் நடுவே சில சமயம் ஒரு தடுக்கல் வரும். வேகமாக அடிக்கிறவர்களுக்கு அது பெரிய எரிச்சல். இருபது முப்பது டெர்மினல் என்றால் எல்டிஎஸ்பி போட்டு நெட்வொர்க்கிலேயே பூட் செய்யலாம். இரண்டுக்கு அது அதிகப்படி.

எக்ஸ்ஆர்டிபி நிறுவும்போது வந்தவை எல்லாம் பலரும் பார்த்த பழைய தொந்தரவுகள்தான். எக்ஸ்ஆர்டிபி பயனரை எஸ்எஸ்எல்-செர்ட் குழுவில் சேர்க்காவிட்டால் சான்றிதழைப் படிக்க முடியாது என்று லாகில் புலம்பும். உள்ளே நுழைந்ததும் நிற மேலாண்மைக் கருவிக்கு அனுமதி வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கும்; யாருக்கு எந்த அனுமதி என்று முடிவுசெய்யும் போல்கிட்டில் ஒரு விதி எழுதி வாயை மூடினேன். ஒரே ஆள் மேசையிலும் உள்ளே இருந்துகொண்டு டெர்மினலிலும் நுழைந்தால் கறுப்புத் திரைதான் வரும். ஆகவே அறை மாறினால் லாகவுட் செய்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. இணைப்பு அறுந்து திரும்ப வரும்போது உங்கள் பழைய செஷனையே (திறந்து வைத்த வேலை மொத்தத்தையும்) எக்ஸ்ஆர்டிபி தேடிக் கொடுக்கும். ஆனால் பயனர் பெயரோடு நிற ஆழத்தையும் சேர்த்துத்தான் அது பொருத்திப் பார்க்கிறது. ஒரு டெர்மினலில் 24 பிட், இன்னொன்றில் 16 பிட் என்று வைத்திருந்தால், இடம் மாறி உட்கார்ந்தவருக்குப் புதுச் செஷன் திறக்கும். திறந்து வைத்த பக்கம் காணாமல் போய்விட்டது என்று கூப்பாடு போடுவார். பக்கம் எங்கும் போயிருக்காது, பழைய செஷனில் பத்திரமாக இருக்கும். எல்லா டெர்மினலிலும் ஒரே எண்ணை வைத்துவிடுங்கள்.

இதன் பலனைக் கரன்ட் போன அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். முன்பு மெஷினுக்கொரு 600 விஏ யூபிஎஸ் இருந்தது. அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். செத்தது தெரிவதே கரன்ட் போகும்போதுதான். இப்போது பொது மெஷினுக்கு மட்டும் நல்ல 1 கேவிஏ யூபிஎஸ். அதோடு யூஎஸ்பியில் பேசி, பேட்டரி தீரும் முன் ஒழுங்காக ஷட்டவுன் செய்ய நட் என்ற மென்பொருள். டெர்மினல்களுக்கு யூபிஎஸ்ஸே இல்லை. கரன்ட் போனது, அடுத்த அறையில் இரண்டு திரையும் அணைந்தன. வந்தது, டெர்மினல் பூட் ஆனது, அக்கா பாஸ்வேர்டைத் தட்டினார். பாதியில் நின்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, நான் சேவ்கூடப் பண்ணலையே!" என்றார். அதுவரை 'என் கம்ப்யூட்டரைப் பிடுங்கிட்டாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

தமிழ் உள்ளீட்டில் எதிர்பாராத நிம்மதி. மூத்த தட்டச்சாளருக்குப் பழைய டைப்ரைட்டர் முறைதான் கையில் வரும், மற்றவர் தமிழ்99, மெய்ப்புப் பார்க்கும் இருவரும் ஒலியியல் முறை. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் மூன்றும் இருக்கின்றன. ஆளுக்கொரு கணக்கு என்பதால் அவரவர் முறை அவரவருக்கு. முன்பு ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து கீபோர்டை மாற்றிவிட்டு, திரும்ப மாற்றாமல் போய் நடந்த சண்டைகள் இனி இல்லை.

கோப்புகளுக்கு 'நூல்கள்' என்று ஒரே பொதுக் கோப்புறை. நால்வரும் ஒரு குழு. அந்தக் கோப்புறைக்கு 2770 என்ற அனுமதி எண்ணைக் கொடுத்தால், உள்ளே யார் எதை உருவாக்கினாலும் அது குழுவின் பெயரிலேயே பிறக்கும். ஆனால் குழுவுக்கு எழுதும் உரிமையும் வேண்டும் என்பதால் இயல்புநிலை ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) ஒன்றையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒருவர் சேமித்ததை இன்னொருவர் படிக்க மட்டும்தான் முடியும். ஒருவர் திறந்திருக்கும் அத்தியாயத்தை மற்றவர் திறக்கப் போனால், இன்னார் இதில் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று லிப்ரஆபீஸே பெயரோடு சொல்லும். 'ஃபைனல் 2'-க்கு அவசியமே வரவில்லை. கூடவே ஒன்றைக் கண்கூடாகப் பார்க்கலாம்: காலையில் முதல் ஆள் லிப்ரஆபீஸைத் திறக்கும்போதுதான் நேரம் எடுக்கும், இரண்டாவது ஆளுக்குப் பொட்டென்று திறக்கும். நிரல் ஏற்கனவே மெமரியில் இருக்கிறதே. ஆறு தனி மெஷினில் இந்தச் சலுகை கிடையாது.

அவரவர் ஹோம் கோப்புறைக்கு அனுமதி எண் 700. அடுத்தவர் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ரூட் (தலைமை நிர்வாகி) பாஸ்வேர்டு வைத்திருக்கும் என்னால் முடியும். இதை நால்வரையும் உட்கார வைத்துச் சொன்னேன். வங்கிக் கணக்கு, குடும்ப வாட்ஸாப் எல்லாம் உங்கள் போனில் இருக்கட்டும், இது அலுவலக மெஷின் என்றேன். பொது மெஷின் வைக்கிற பல இடங்களில் இந்தப் பேச்சு நடப்பதில்லை என்று நினைக்கிறேன். டெக்னிகல் விஷயம் எதையும் விட இதுதான் முக்கியம்.

பங்காளிச் சண்டை ஒன்று வந்தது, அதற்குக் காரணம் ஓசிஆர். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து டெசராக்ட் மூலம் எழுத்தாக்கும் வேலையை மெய்ப்புப் பக்கம் தொடங்கினார்கள். டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று புத்தகத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மெஷின் மொத்தமும் அவர்களுக்கே. தட்டச்சுப் பக்கம் கர்சர் இழுக்க ஆரம்பித்தது. தனி கம்ப்யூட்டர் என்றால் கஷ்டப்படுவது ஓடவிட்டவர் மட்டும். இங்கே ஊருக்கே கஷ்டம். ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து, பக்கங்களை வரிசையாக இரவில் ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். த்ரெட்டைக் குறைத்ததால் மொத்த வேலை பெரிதாகத் தாமதமாகவும் இல்லை. கூடவே சிஸ்டம்டியின் யூசர் ஸ்லைஸில் (ஆளுக்கான வரம்புகளை எழுதும் இடம்) ஆளுக்கு 10 ஜிபி ராமைத் தொட்டதும் வேகம் குறையட்டும், 12-ஐத் தாண்டினால் அந்த ஆளின் நிரல் மட்டும் சாகட்டும் என்று எழுதி வைத்தேன். சிபியு பங்கும் எல்லோருக்கும் சமம். இந்த வரிகள் இல்லாமல் பொது மெஷின் வைக்கவே வைக்காதீர்கள். ஒருவர் திறந்த குரோம் டேப்கள் நாலு பேர் வேலையைக் கவிழ்க்கும்.

பிரிண்டரோடு நான் மல்லுக்கட்டவில்லை. அங்கிருந்த சின்ன லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் படுத்தும் பாடு பெரிது. அது முதலாளியின் விண்டோஸ் மெஷினிலேயே இருக்கிறது. பொதுக் கோப்புறையில் பிடிஎஃப் போட்டால் அங்கிருந்து அச்சாகும்.

ஒரே மெஷின் என்பதால் அது படுத்தால் நாலு பேரும் படுப்பார்கள். இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது, ஏற்பாடுதான் செய்ய முடியும். தினமும் இரவில் போர்க் என்ற மென்பொருள் மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு பேக்கப். மிச்சமிருக்கும் ஐ3 ஒன்றில் இதே டெபியன், இதே பயனர் பெயர்கள், இதே கோப்புறை அமைப்பு. அவசரத்துக்கு அதில் பேக்கப்பை விரித்து, மெதுவாகவேனும் வேலையை ஓட்டலாம். பிறகு பவர் சப்ளை. இந்த மெஷினில் இருப்பது ஹெச்பியின் சொந்த வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இதில் உட்காராது. மெஷின் வாங்கியபோதே அதே கடையில் இன்னொரு பவர் சப்ளையும் பேரம் பேசி எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று. பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்குகிறவர்கள் ராம், சிபியு எல்லாம் விசாரித்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

மின்சாரக் கணக்கில் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். இந்த ஜியான் 140 வாட் ரகம். சும்மா இருக்கும்போது அவ்வளவு இழுக்காது என்றாலும், இன்றைய சின்ன மினி பிசி ஒன்றோடு ஒப்பிட்டால் சாப்பாட்டு ராமன்தான். மின்விசிறிச் சத்தமும் மேசைக்கடியில் கேட்கத்தான் செய்கிறது. டெர்மினலாக இருக்கும் ஐ3-களுக்கும் மின்சாரம் போகிறது. அவை ஒவ்வொன்றாகக் கழியும்போது மினி பிசி வைத்துவிட வேண்டும்.

இப்போது ஐந்தாவதாக ஒருவர் பொது மெஷினில் இடம் கேட்கிறார். புத்தக அறிமுகத்துக்குச் சின்னச் சின்ன வீடியோ வெட்டி ஒட்டுகிற பையன். எக்ஸ்ஆர்டிபி வழியாக வீடியோ பார்ப்பதே திக்கித் திக்கித்தான் வரும். எடிட் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரெண்டர் போட்டால் ஓசிஆர் கதை திரும்ப நடக்கும். "தம்பி, உனக்குத் தனி மெஷின்தான்" என்று சொல்லிவிட்டேன். கிராஃபிக்ஸ் கார்டோடு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'நூல்கள்' கோப்புறையைப் படிக்க மட்டும் அதில் அனுமதி இருக்கும்.